மூளை அலைச் சோதனை எதை அளக்கிறது?

ஒரு கொலை வழக்கு பெரிதாகப் பேசப்படத் தொடங்கினால், சில நாட்களில் 'சந்தேக நபருக்கு உண்மை கண்டறியும் சோதனை' என்ற செய்தியும் வந்துவிடுகிறது. அந்த ஒரே தொடருக்குள் மூன்று வெவ்வேறு சோதனைகள் அடைக்கப்படுகின்றன. மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனை ஒன்று. மூச்சு, வியர்வை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் பாலிகிராஃப் மற்றொன்று. தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது மூன்றாவது. 'பிரெய்ன் மேப்பிங்', 'மூளைக் கைரேகை' என்றெல்லாம் சொல்லப்படுவது இந்த மூன்றாவது சோதனைதான். பெயரைக் கேட்டால், மனத்துக்குள் ஒளித்து வைத்ததையெல்லாம் திரையில் எழுத்தாகப் படித்துவிடலாம் என்று தோன்றும். அந்தக் கருவியால் செய்ய முடிந்த வேலை அதைவிட மிகச் சிறியது. அந்தச் சிறிய வேலையைச் சரியான நிபந்தனைகளில் அது நன்றாகவே செய்கிறது என்பதும் உண்மை. அந்த நிபந்தனைகள் என்ன, அவை நிஜ வழக்குகளில் ஏன் அபூர்வமாகவே அமைகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மண்டையோட்டைத் தாண்டி வரும் மின்சாரம்

ஒரு தனி நரம்பணுவில் நிகழும் மின் மாற்றம் தலைக்கு வெளியே வந்து சேருவதில்லை. ஒரே வாக்கில் அடுக்கப்பட்ட ஏராளமான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் இயங்கும்போதுதான் அவற்றின் கூட்டு விளைவு எலும்பையும் தோலையும் கடந்து உச்சந்தலையை எட்டுகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் இதை மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து 1929-இல்தான் வெளியிட்டார். வலிப்பு நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.இ.ஜி. என்பது இதே பதிவுதான். சோதனைக்கு உள்ளாகிறவரின் உடலுக்குள் எந்த மின்சாரமும் செலுத்தப்படுவதில்லை. மின்முனைகள் கேட்கும் காதுகள் மட்டுமே.

அவை கேட்பது மிக மெல்லிய ஒலி. நமக்குத் தேவைப்படும் அலையின் உயரம் சுமார் பத்து மைக்ரோவோல்ட். 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியின் அழுத்தத்தை ஒன்றரை லட்சம் கூறுகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கூறு அது. அதே வேளையில் மூளையின் மற்ற வேலைகள் எழுப்பும் அலைகள் அதைவிடப் பெரிதாகப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கண் சிமிட்டல் நூறு மைக்ரோவோல்ட் அளவுக்குக் கூடக் கோட்டைத் தூக்கிவிடும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் பதிவையே மூடிவிடும்.

இந்த இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்க ஆய்வாளர்கள் கையாளும் வழி எளியது. ஒரே தூண்டலைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு முறையும் கிடைத்த பதிவைத் தூண்டல் தோன்றிய கணத்தோடு பொருத்தி அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். பின்னணி அலைகள் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக இருப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தூண்டலுக்கான பதில் மட்டும் ஒரே நேரத்தில் வருவதால் நிலைத்து நிற்கிறது. 25 பதிவுகளின் சராசரியில் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகும். 100 பதிவுகளின் சராசரியில் பத்தில் ஒரு பங்காகும். ஆகவே இந்தச் சோதனையின் முடிவு என்பது ஒரே கேள்விக்கு மூளை கொடுத்த ஒரே பதிலின் படம் அன்று. பல பத்து பதில்களின் சராசரி அது. அந்தச் சராசரியின் மீது எடுக்கப்பட்ட புள்ளியியல் தீர்ப்பு அது.

பி-300: 'இது எனக்குத் தெரியும்'

1965-இல் சாமுவேல் சட்டன் குழுவினர் ஒரு விந்தையான அலையைப் பற்றி எழுதினார்கள். அடுத்து என்ன வரும் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஓர் ஒலியோ ஒளியோ வந்தால், சுமார் 300 மில்லிவிநாடிகள் கழித்து, தலையின் மேற்பகுதியில் ஒரு நேர்மின் எழுச்சி தென்பட்டது. நேர்மின் என்பதைக் குறிக்கும் எழுத்தையும் கால அளவையும் சேர்த்து அதற்குப் பி-300 என்று பெயர் வந்தது. பெயரில் 300 இருந்தாலும், சொல்லையோ படத்தையோ படித்துப் பொருள் கொள்ள வேண்டியிருந்தால் அலை 500, 600 மில்லிவிநாடி வரை தாமதமாகவும் வரும்.

இந்த அலை எழுவதற்கு இரண்டு காரணங்கள் வேண்டும். தூண்டல் அபூர்வமானதாக இருக்க வேண்டும். பார்க்கிறவருக்குப் பொருள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அறிமுகமில்லாத பெயர்கள் வரிசையாகத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவே உங்கள் பெயர் வந்து போனால், நீங்கள் முகத்தை எவ்வளவு அசையாமல் வைத்திருந்தாலும் பி-300 உயர்ந்துவிடும். இது இச்சையின் பிடிக்குள் முழுமையாக அடங்காத பதில். தடயவியல் இதன் மேல் கண் வைத்ததற்குக் காரணமும் அதுவே.

ஆனால், அந்த அலை 'இது முக்கியம்' என்று மட்டுமே சொல்கிறது; ஏன் முக்கியம் என்று சொல்வதில்லை. பெயருக்கு எழுந்த அலையைப் பார்த்து, அது உங்கள் பெயரா, உங்கள் மகளின் பெயரா, நேற்றுச் சண்டை போட்டவரின் பெயரா என்று எந்த ஆய்வாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. (இதே அலையைக் கொண்டு 1988-இல் லாரன்ஸ் ஃபார்வெல், இமானுவேல் டான்சின் இருவரும், கை கால் அசைக்க முடியாதவர்கள் திரையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து சொல் கோக்கும் முறையை உருவாக்கினார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத, தானே சொல்ல விரும்புகிற ஒருவரிடம் இந்த அலை காட்டும் திறமை, மறைக்க விரும்புகிறவரிடம் காட்டுவதைவிட ஐயத்துக்கு இடமில்லாதது.)

பொய்யைத் தேடாத கேள்வி

பாலிகிராஃபின் வழக்கமான முறையில் 'அந்தப் பணத்தை நீங்கள் எடுத்தீர்களா?' என்று நேராகக் கேட்டு, உடல் பதறுகிறதா என்று பார்க்கிறார்கள். குற்றவாளி பதறுவார் என்பது சரிதான். அநியாயமாகச் சிக்கிக்கொண்டோமே என்று அஞ்சும் நிரபராதியும் பதறுவார். பொய்க்கென்று தனியாக ஒரு வியர்வையோ நாடித்துடிப்போ கிடையாது. அமெரிக்காவின் டேவிட் லிக்கன் 1959-இல் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார். பொய்யைத் தேடுவதை விட்டுவிட்டு, குற்றம் செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரத்தைத் தேடினால் என்ன என்று அவர் கேட்டார்.

அவருடைய முறையில் கேள்வி தேர்வுத்தாள் போல அமைகிறது. திருடப்பட்ட பொருள் எது? மோதிரமா, கைக்கடிகாரமா, கேமராவா, சங்கிலியா, பேனாவா? திருடியவருக்கு ஐந்தில் ஒன்று மட்டும் தனித்து ஒலிக்கும். மற்றவருக்கு ஐந்தும் ஒன்றுதான். ஒன்றும் அறியாத ஒருவர் தற்செயலாகச் சரியான விடைக்கே மிகப் பெரிய எதிர்வினையைக் காட்ட ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இப்படி ஐந்து தனித்தனிக் கேள்விகள் கேட்டு, ஐந்திலும் அவர் தற்செயலாகவே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 3,125-இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நிரபராதிக்கு இவ்வளவு பாதுகாப்பு தரும் வடிவம் உண்மை கண்டறியும் முறைகளில் வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம். ஜப்பானியக் காவல்துறை இந்த மறைத்த அறிவுச் சோதனையைப் பல ஆண்டுகளாக அன்றாட விசாரணையில் பயன்படுத்துகிறது. அங்கே அளக்கப்படுவது தோலின் மின்கடத்தல், மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவையே. லிக்கனும் தோலைத்தான் அளந்தார். தோலின் இடத்தில் மூளை அலையை வைத்ததுதான் 1980-களின் பிற்பகுதியில் நிகழ்ந்த மாற்றம். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் ரோசன்ஃபெல்டின் குழு ஒரு பக்கமும், ஃபார்வெல்லும் டான்சினும் மறுபக்கமும் இதில் இறங்கினார்கள்.

ஒரு சோதனை நடக்கும் விதம்

திருடப்பட்டது கைக்கடிகாரம் என்றே வைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்குரியவர் தமக்கு எதுவும் தெரியாது என்கிறார்.

1. முதலில் சொற்பட்டியல் தயாராகிறது. அதில் மூன்று வகைச் சொற்கள் உண்டு. குற்றத்தோடு தொடர்புள்ள, வெளியில் யாருக்கும் தெரியாத விவரம் தடயச் சொல். அதே இனத்தைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பற்ற பொருள்கள் நிரப்புச் சொற்கள். சோதனைக்கு முன்பே அவருக்குச் சொல்லிக் கொடுத்து, 'இது வந்தால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்று கேட்டுக்கொள்ளப்படும் சொல் குறிச்சொல். குறிச்சொல் இல்லாவிட்டால் அவர் திரையைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கலாம். அவர் கவனிக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

2. உச்சந்தலையின் முன், நடு, பின் பகுதிகளில் களிம்பு தடவி மின்முனைகள் ஒட்டப்படுகின்றன. கண்ணுக்கு மேலும் கீழும் தனி மின்முனைகள் இடுவது கண் சிமிட்டலைப் பிடித்து விலக்குவதற்காக.

3. திரையில் ஒன்றரை விநாடிக்கு ஒன்று என்ற அளவில் சொற்கள் வந்து போகின்றன. மோதிரம், சங்கிலி, கேமரா, கைக்கடிகாரம், பேனா, மோதிரம் என்று வரிசை மாறி மாறி நூற்றுக்கணக்கான முறை ஓடும். குறிச்சொல் வந்தால் ஒரு பொத்தான், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு பொத்தான். ஆறு சொற்களில் ஒன்று தடயம், ஒன்று குறி, மீதி நான்கு நிரப்பு என்பது ஃபார்வெல்லும் டான்சினும் வைத்த விகிதம். தடயச் சொல் அபூர்வமாக வந்தால்தான் அலை எழும் என்பதால் இந்த விகிதம்.

4. கண் சிமிட்டல் கலந்த பதிவுகள் கழிக்கப்பட்டு, வகைவாரியாகச் சராசரி எடுக்கப்படுகிறது. கைக்கடிகாரத்துக்கு எழுந்த அலை நிரப்புச் சொற்களின் அலையைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால் 'அறிவு உண்டு' என்றும், அவற்றோடு ஒத்திருந்தால் 'அறிவு இல்லை' என்றும், நடுவில் நின்றால் 'முடிவு சொல்ல இயலாது' என்றும் அறிக்கை வரும்.

இந்த நான்காவது படியில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு பிளவு இருக்கிறது. ரோசன்ஃபெல்டின் வழியில் தடய அலை நிரப்பு அலையைவிட உயரமானதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஃபார்வெல்லின் வழியில் தடய அலையின் வடிவம் குறிச்சொல்லின் அலையை ஒத்திருக்கிறதா, நிரப்புச் சொல்லின் அலையை ஒத்திருக்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். ஒரே மனிதர், ஒரே பதிவு, இரண்டு கணக்கு. தலையில் பதிவானது ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு கணக்குகளும் வெவ்வேறு தீர்ப்பைத் தர இடமுண்டு. 'கருவி சொன்னது' என்று செய்தியில் வரும்போது, சொன்னது கருவி இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்குப் பின்னே ஒரு வாய்பாடும், அதைத் தேர்ந்தெடுத்த ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் கிடைத்த எண்கள்

ஃபார்வெல்லும் டான்சினும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேருக்கு ஒற்றர் கதை ஒன்றின் பாத்திரமாகச் சில விவரங்கள் கற்பிக்கப்பட்டன, பிறகு ஒவ்வொருவருக்கும் இரண்டு சோதனைகள். 87.5 விழுக்காடு முடிவுகள் சரியாக வந்தன, மீதி 12.5 விழுக்காடு 'முடிவு சொல்ல இயலாது' என்ற பெட்டிக்குள் போயின. தவறான தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. மூளைக் கைரேகை ஒருபோதும் தவறுவதில்லை என்று பின்னாளில் எழுந்த விளம்பரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒற்றர் கதையின் விவரங்களை அவர்கள் மனப்பாடம் ஆகும்வரை பயின்றிருந்தார்கள் என்பது அந்த விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

இன்னும் வலுவான சான்று 2014-இல் வந்தது. மெய்க்ஸ்னர், ரோசன்ஃபெல்ட் இருவரும் பங்கேற்பாளர்களின் உடையில் சிறிய வீடியோ கேமராவைப் பொருத்தி, நான்கு மணி நேரம் வழக்கமான வேலைகளைச் செய்யவிட்டார்கள். யாரும் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. பிறகு அந்தப் பதிவிலிருந்து எடுத்த விவரங்களையே தடயச் சொற்களாக வைத்துச் சோதித்தபோது, அந்த நிகழ்வுகளை வாழ்ந்தவர்களையும் மற்றவர்களையும் அலை பிசகின்றிப் பிரித்தது. தற்செயலாக மனத்தில் பதிந்தவற்றையும் பி-300 பிடிக்கும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆயினும் இங்கே ஆய்வாளர்கள் கையில் கேமரா இருந்தது. பங்கேற்பாளர் எதைப் பார்த்தார் என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளியின் கண் எதில் நின்றது என்று விசாரணை அதிகாரிக்குச் சொல்ல எந்தக் கேமராவும் இல்லை.

எங்கே சறுக்குகிறது

சோதனையின் தரம் மின்முனை தலையில் ஏறுவதற்கு முன்பே, சொற்பட்டியல் எழுதப்படும் மேசையில் முடிவாகிவிடுகிறது. சறுக்கும் இடங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

1. விவரம் கசிந்துவிட்டால் சோதனை செத்துவிடுகிறது. கொலைக்குப் பயன்பட்ட ஆயுதம், உடல் கிடந்த இடம், காணாமல் போன பொருள் ஆகியவை மறுநாளே செய்தியாகிவிடும் வழக்கில், படித்தவர் அனைவருக்கும் அந்தச் சொல் பரிச்சயமானதே. விசாரணையே இன்னொரு கசிவு வழி. 'கடிகாரத்தை எங்கே வைத்தாய்?' என்று ஒரு வாரம் கேட்டு உலுக்கிய பிறகு அதே மனிதரைச் சோதனைக்கு உட்கார வைத்தால், அவர் மூளை கடிகாரத்துக்கு எழாமல் வேறு எதற்கு எழும்? காவலில் வைத்து விசாரித்துக் களைத்த பிறகு கடைசிப் புகலாக இந்தச் சோதனையை நாடுவது, முறையின் அடித்தளத்தையே முதலில் இடித்துவிட்டு வீடு கட்டுவதற்கு ஒப்பானது.

2. குற்றத்தை அறியாதவருக்குத் தடயச் சொல்லும் நிரப்புச் சொற்களும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவருக்கு அவருடைய தந்தை போன மாதம்தான் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார் என்றால், அவர் திருடாவிட்டாலும் அந்தச் சொல் அவருக்குத் தனித்து ஒலிக்கும். இதற்கு மருந்து உண்டு: குற்றத்தோடு தொடர்பே இல்லாத பலரிடம் அதே பட்டியலை முன்கூட்டிச் சோதித்து, எந்தச் சொல்லும் இயல்பிலேயே துருத்தி நிற்கவில்லை என்று உறுதி செய்யலாம். ஆனாலும் ஒருவருடைய சொந்த வாழ்க்கையின் ஓரங்களை எந்த முன்சோதனையும் தொட முடியாது.

3. குற்றவாளியே கவனித்திருக்க மாட்டார். இருட்டு, பதற்றம், போதை, அவசரம் ஆகியவற்றுக்கு நடுவே செய்த செயலில் திரைச்சீலையின் நிறமோ மேசை மேல் இருந்த பொருளோ நினைவில் பதியாமலே போகலாம். விசாரணையாளர் தடயமாகக் கருதுவது குற்றவாளிக்கு வெறும் பின்னணியாக இருந்திருக்கும். அலை எழாததால் 'அறிவு இல்லை' என்று வரும் முடிவு, நிரபராதி என்ற முடிவுக்குச் சமமாகாது.

4. ஏமாற்ற முடியும். 2004-இல் ரோசன்ஃபெல்டின் குழுவே இதைச் செய்து காட்டியது. குறிப்பிட்ட நிரப்புச் சொல் வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஒரு விரலை அழுத்துவது, கால் கட்டைவிரலை அசைப்பது, யாரோ அறைவதாக நினைத்துக்கொள்வது ஆகிய சின்ன வேலைகளைச் செய்யும்படி பங்கேற்பாளர்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பொருளற்ற நிரப்புச் சொல்லும் இதனால் பொருள் பெற்றுவிடுகிறது. அதற்கும் பி-300 எழுகிறது. தடயச் சொல்லின் தனித்துவம் கரைந்துவிடுகிறது. ஆறு தடயச் சொற்கள் கொண்ட முறையில் 82 விழுக்காடாக இருந்த கண்டுபிடிப்பு 18 விழுக்காடாகச் சரிந்தது. உத்தி நடக்கும்போது பொத்தான் அழுத்தும் வேகம் குறைந்ததால் ஓரளவு காட்டிக் கொடுத்தது என்பது மட்டுமே ஆறுதல். இதைச் சமாளிக்க அவர்களே 2008-இல் சோதனையின் வடிவத்தை மாற்றினார்கள். அது உத்திகளை மேலும் நன்றாகத் தாங்கியது. அதன் பின்னும், விரலையும் காலையும் விட்டுவிட்டு நினைவையே மேலெழ விடாமல் அழுத்திக்கொண்டால் அலையின் உயரம் குறைகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூட்டும் கள்ளச்சாவியும் மாறி மாறி வளர்வது வழக்கம்தானே.

5. வலையை அகல விரித்தால் நிரபராதிகளே அதிகம் விழுவார்கள். ஒரு கணக்குப் போடலாம். ஆயிரம் பேரில் பத்துப் பேர் மட்டுமே உண்மையில் குற்றத்தை அறிந்தவர்கள். சோதனை 90 விழுக்காடு சரியானது. பத்தில் ஒன்பது பேரை அது பிடிக்கும். மீதி 990 பேரில் பத்து விழுக்காட்டினரை, அதாவது 99 பேரை, தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட 108 பேரில் உண்மையானவர்கள் ஒன்பதே பேர். வேலைக்கு ஆள் எடுக்கும்போதோ விமான நிலையத்திலோ எல்லாரையும் இப்படிச் சோதிக்கலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

'அனுபவ அறிவு' என்னும் பாய்ச்சல்

இதுவரை சொன்னவை பரிச்சயம் பற்றியவை. இந்தியாவில் நடந்தது இன்னொரு படி மேலே தாவியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவ உளவியலாளர் சம்பாடி ராமன் முகுந்தன், 'பியாஸ்' என்று அழைக்கப்படும் மூளை மின் அலைவு முத்திரை முறையை உருவாக்கினார். இதில் சந்தேகத்துக்குரியவர் பொத்தான் எதையும் அழுத்துவதில்லை, பேசுவதும் இல்லை. 'நான் அதை வாங்கினேன்', 'நான் அவரைச் சந்தித்தேன்' என்பது போலத் தன்மையில் அமைந்த வாக்கியங்கள் ஒலிக்க, அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு செயலைப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரையும், தானே செய்து அறிந்தவரையும் அலை வேறுபடுத்திக் காட்டும் என்பதே இந்த முறையின் மைய உரிமைகோரல்.

அந்த வேறுபாடு மட்டும் நிலைநிற்குமானால், மேலே முதலாவதாகச் சொன்ன கசிவுச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆகவே இந்த உரிமைகோரல் எவ்வளவு பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். செய்ததன் நினைவுக்கும் தெளிவாகக் கற்பனை செய்ததன் நினைவுக்கும் இடையிலான எல்லை மனித மனத்துக்குள்ளேயே வழுக்கலானது. திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்டவர் தாம் செய்யாததையும் செய்ததாக மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்திருப்பார். இவ்வளவு பெரிய உரிமைகோரலுக்குச் சுதந்திரமான ஆய்வகங்கள் மீண்டும் மீண்டும் செய்து பார்த்த சான்று வேண்டும். அது வருவதற்கு முன்பே முறை நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிட்டது.

2008 ஜூன் மாதம் புனே நீதிமன்றம் ஒரு நச்சுக்கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு பியாஸ் அறிக்கையையும் ஆதாரங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மூளைப் பதிவை இந்த அளவுக்கு ஏற்ற தீர்ப்பு என்று உலகெங்கும் நரம்பியலாளர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கவலை தெரிவித்தார்கள். பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குப் பிணை வழங்கியது. அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றும், நீதிமன்றத்தில் ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிக்கை கொடுத்தது. முறையை உருவாக்கியவர் முன்பு பணியாற்றிய நிறுவனத்தின் தலைவரே குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பதைச் சேர்த்துப் படித்தால் அந்த முடிவின் எடை புரியும்.

நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்தன

அமெரிக்காவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அயோவா மாநிலத்தின் ஹாரிங்டன் வழக்கு. 1977-இல் நடந்த கொலைக்காக 1978-இல் ஆயுள் தண்டனை பெற்றவரை, 2000-இல் சிறையிலேயே ஃபார்வெல் சோதித்தார். கொலை நடந்த இடத்தின் விவரங்களுக்கு அவர் மூளையில் அலை எழவில்லை. அன்றிரவு தாம் வேறிடத்தில் இருந்ததாக அவர் சொன்ன விவரங்களுக்கு எழுந்தது என்பது முடிவு. 2003-இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 'மூளைக் கைரேகை ஒருவரை விடுவித்தது' என்று இன்றுவரை எழுதப்படுகிறது. தீர்ப்பைப் படித்தால் காரணம் வேறு: மற்றொரு சந்தேக நபரைப் பற்றிய காவல்துறை அறிக்கைகளை அரசுத் தரப்பு மறைத்திருந்தது. அந்தக் காரணமே போதுமானது என்பதால் மூளைச் சோதனையை எடைபோடும் தேவையே எழவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின், ஒரு விவரத்துக்கு அலை எழாததை அறியாமைக்குச் சான்றாகக் கொள்வதா, மறதிக்குச் சான்றாகக் கொள்வதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2001-இல் வெளியிட்ட அறிக்கையில், சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ. உள்ளிட்ட அமைப்புகள் தங்கள் பணியில் இதற்குப் பெரிய பயன் இருக்கும் என்று கருதவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5-ஆம் தேதி செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் மூன்று சோதனைகளையும் ஒன்றாக எடுத்துத் தீர்ப்பளித்தது. யாரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது. அது தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கும் 20(3)-ஆம் பிரிவுக்கும், தனிமனிதச் சுதந்திரத்தைக் காக்கும் 21-ஆம் பிரிவுக்கும் எதிரானது. தலையில் மின்முனை ஒட்டுவது கைரேகை எடுப்பது போன்ற உடல் சோதனைதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கைரேகை அந்த மனிதர் அறிந்திருப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூளை அலையோ அவருடைய அறிவைத்தான் வெளியே எடுக்கிறது, ஆகவே அது வாய் திறக்காமல் கொடுக்கப்படும் சாட்சியம். மறைத்த அறிவை வெளிக்கொணர்கிறோம் என்பதுதான் இந்த முறையின் பெருமை. அதே பெருமைதான் சட்டத்தில் அதற்குத் தடையாக நின்றது.

ஒருவர் தாமே சம்மதித்து வந்தாலும் சோதனையின் முடிவு நேரடிச் சாட்சியமாகாது. அதன் வழியாகப் பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டும் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்கீழ் ஏற்கப்படலாம் என்றது அந்தத் தீர்ப்பு (2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது; அதே விதி அதன் 23-ஆம் பிரிவில் இருக்கிறது). 2025 ஜூனில் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்த நிலையை நார்கோ சோதனை தொடர்பாக மீண்டும் உறுதிப்படுத்தி, சம்மதத்தோடு நடந்த சோதனையின் அறிக்கையும் தனித்து நின்று தண்டனைக்கு அடிப்படையாக முடியாது என்றது.

சம்மதம் என்பதற்கும் வரையறை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் பாலிகிராஃபுக்கு வகுத்த நெறிமுறைகளை மூளை அலைச் சோதனைக்கும் பின்பற்ற வேண்டும் என்று 2010 தீர்ப்பு கூறுகிறது. சோதனையின் உடல், மன, சட்ட விளைவுகள் விளக்கப்பட வேண்டும். வழக்கறிஞரின் துணை கிடைக்க வேண்டும். சம்மதம் குற்றவியல் நடுவர் முன் பதிவாக வேண்டும். அவர் எவ்வளவு காலம் காவலில் இருந்தார், எப்படி விசாரிக்கப்பட்டார் என்பதை நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும். பதிவைச் சுதந்திரமான அமைப்பு ஒன்று வழக்கறிஞர் முன்னிலையில் செய்ய வேண்டும். எட்டாவதாக வரும் கடைசி நெறிமுறை, தகவல் எவ்விதம் பெறப்பட்டது என்பதன் முழு விவரமும் பதிவில் சேர்க்கப்பட வேண்டும் என்கிறது. எந்தச் சொற்கள் காட்டப்பட்டன, அவற்றைத் தேர்ந்தவர் யார், அவற்றில் எவை ஏற்கெனவே செய்தியிலோ விசாரணையிலோ அவர் காதில் விழுந்தவை என்ற கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய இடம் அந்தப் பதிவு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்கு அது வந்தால், அலைக்கோடுகள் உள்ள பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் விரிக்க வேண்டியது சொற்பட்டியல் உள்ள பக்கம்.